பழைய மலைச்சாலையில் வண்டியை நிற்க வைப்பது எப்படி: சாலையோர ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையோரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கார், வேன், டெம்போ டிராவலர், பஸ் என்று விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் நின்று டீ குடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலைக்கு வந்தவர்கள் ஊட்டியில் அறைக்கும் படகுக்கும் கொட்டிய பணத்தில் ஒரு பங்குகூட, அவர்கள் ஏறி இறங்கிய சாலையில் இருக்கும் ஊர்களுக்கு வருவதில்லை.

நான் இப்போது சென்னையில், குரோம்பேட்டையில் இருக்கிறேன். பிறந்தது அந்தச் சாலையோர ஊர் ஒன்றில். ஊர்ப் பெண்கள் குழுவோடு சேர்ந்து, மலைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி இளைப்பாற ஒரு நிறுத்தத்தை உருவாக்கி நடத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்திலிருந்து இதே வேலையைத் தொடங்கியவர்களோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் பலகை, அப்புறம் செல்ஃபி பாயிண்ட், அப்புறம் கடை, கடைசியில் கழிப்பறை என்று போகிறார்கள். கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடிப்படை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணத்தைவிட ஆள் முக்கியம். வாரக் கடைசியில் ஊரிலேயே இருக்கக்கூடிய ஐந்து பேர் வேண்டும், அதில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு போனில் நடத்துகிற வேலை இல்லை இது. என்னைப் போல வெளியூரில் இருப்பவர்கள் மனு எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், வண்டி பிடித்து வருகிறவர்களை அனுப்பலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஊரின் ஒப்புதல். கிராம ஊராட்சியாக இருந்தால் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சீசனுக்குத் தயாராக வேண்டுமென்றால் முந்தைய நவம்பர் 1 கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். மே 1-இல் தீர்மானம் போட்டு மே மாதமே கடை திறக்க முடியாது. இந்தத் தீர்மான நகல் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், நீங்கள் தனி ஆளாகத்தான் தெரிவீர்கள்.

மூன்றாவது, ஒரு கோடு போட்ட நீள நோட்டு. இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அடுத்த படி முழுக்க அந்த நோட்டில்தான் நடக்கப்போகிறது.

2. நான்கு நாள் சாலையோரத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்

சனிக்கிழமை காலை, ஞாயிறு மதியம், ஒரு வேலை நாள், ஒரு மழை நாள். நான்கும் வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து விஷயம் குறியுங்கள்: ஏறுகிறதா இறங்குகிறதா, என்ன வண்டி, நம்பர் பிளேட் எந்த ஊர், நின்றதா, நின்றால் எதற்காக நின்றது.

நம்பர் பிளேட் ஏன் என்றால், டிஎன் 43 நீலகிரி வண்டி, அது தினமும் போகிற வண்டி, நம்மிடம் நிற்காது, நிற்கவும் வேண்டாம். டிஎன் 37, 38, 66 கோவை வண்டிகள், காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுவார்கள். டிஎன் 01-இல் தொடங்கும் சென்னை எண்களில் வருகிறவர்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவர்கள், குறைந்தது இரண்டு ராத்திரி தங்குவார்கள், குழந்தைகளும் பெரியவர்களும் கூடவே இருப்பார்கள். இந்த மூன்று கூட்டத்துக்கும் தேவை வேறு வேறு. யாருக்காகக் கடை போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் எல்லாக் கடையும் ஒரே மாதிரி சிப்ஸ் கடையாகத்தான் முடியும்.

ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது. நீலகிரியில் கோடை சீசனில் ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள்: ஊட்டிக்கு ஏறும் வண்டி குன்னூர் வழியாக, திரும்பும் வண்டி கோத்தகிரி வழியாக. அப்படியென்றால் எங்கள் சாலையில் மே மாதம் வருகிறவர்கள் எல்லோருமே ஊர் திரும்புகிறவர்கள். ஊட்டியில் சாக்லேட்டும் வர்க்கியும் தைலமும் வாங்கி டிக்கியை அடைத்தாயிற்று, பர்ஸ் காலி, மறுநாள் ஆபீஸ். அவர்களிடம் போய் மறுபடி வர்க்கி விற்கக்கூடாது. நாங்கள் முதல் வருஷம் அதைத்தான் செய்தோம். அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது.

நின்ற காரணத்தைக் கூச்சப்படாமல் போய்க் கேட்டு எழுதுங்கள். எங்கள் நோட்டில் பெரும்பாலும் இருந்தவை இவை: குழந்தை வாந்தி எடுத்தது, பாட்டிக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும், பிரேக் கருகின வாசனை வந்தது, டிரைவருக்குத் தூக்கம். ‘காட்சி அழகாக இருக்கிறது’ என்று நின்றவர்கள் மிகக் கொஞ்சம். உங்கள் நிறுத்தம் முதலில் தீர்க்க வேண்டியது இந்த நான்கு கஷ்டங்களையும்தான்.

3. காலடியில் இருப்பது யாருடைய நிலம்?

மலைச்சாலையோரத்தில் ஒரு பத்தடி நகர்ந்தாலே நிலத்தின் சொந்தக்காரர் மாறிவிடுவார். சாலை எல்லைக்குள் நெடுஞ்சாலைத் துறை, அதைத் தாண்டினால் காப்புக்காடாக இருக்கலாம், வருவாய்ப் புறம்போக்காக இருக்கலாம், ஒருவரின் பட்டாத் தோட்டமாகவும் இருக்கலாம். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, நிலம் யாருடையது, எல்லை எங்கே என்று காட்டும் அ-பதிவேடு, சிட்டா, புலப்படம் மூன்றையும் இ-சேவை மையத்தில் எடுத்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரோடு போய் எல்லைக் கல்லைக் கண்ணால் பாருங்கள்.

நாங்கள் முதலில் போட்ட கீற்றுக் கொட்டகை சாலை எல்லைக்குள் நான்கடி வந்திருந்தது. கல் எங்கே என்று தேடாமல் வேலியை வைத்து முடிவு செய்தது எங்கள் தவறு. கொட்டகையைப் பிரித்துப் பின்னால் நகர்த்தியதில் போட்ட காசு போனது, ஒரு சீசனும் போனது.

என் கருத்து, முதல் மூன்று வருஷத்துக்குப் பட்டா நிலத்தைத் தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள். நிலக்காரரோடு எழுத்து மூலமாக வாடகை ஒப்பந்தம் போடுங்கள், உறவுக்காரராக இருந்தாலும் சரி. வியாபாரம் நன்றாகப் போன பிறகுதான் மாமா மச்சான் சண்டை வரும். வனநிலமாக இருந்தால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும், அங்கே ஒரு பெஞ்சு போடுவதற்குக்கூட உங்களுக்கு உரிமை கிடையாது. அப்புறம், நீலகிரியில் பொக்லைன் வைத்து மண் வெட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும். சரிவை வெட்டிச் சமதளமாக்கலாம் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இயற்கையாகச் சமமாக இருக்கும் இடம் கிடைக்கும் வரை தேடுங்கள்.

4. வண்டி நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

காட்சி எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே நிறுத்தம் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. காட்சி நன்றாக இருக்கும் இடம் பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவின் வெளிப்பக்கம். அங்கே ஒரு கார் நின்றால் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் திரும்ப இடம் இருக்காது. மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. வளைவில் கார்கள் நின்றால் அந்த வழி விடுவதற்கே இடம் இல்லாமல் போய், பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் வண்டி தேங்கிவிடும்.

நேராக ஓடும் பகுதியாகப் பாருங்கள். டிரைவருக்கு நூறு மீட்டர் முன்னாலேயே கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் ‘அட, இங்கே நின்றிருக்கலாமே’ என்று சொல்லிக்கொண்டே தாண்டிவிடுவார், மலைச்சாலையில் யாரும் ரிவர்ஸ் எடுத்து வரமாட்டார்கள். இறங்கும் வண்டிகள் அதிகமென்றால் இறங்கும்போது இடது கைப்பக்கம் இருக்கும் இடம்தான் வேண்டும். சாலையைக் குறுக்கே கடந்து வந்து டீ குடிக்க வைக்காதீர்கள், குழந்தைகள் ஓடும்.

இறங்கும் சாலையில் இன்னொரு கணக்கு உண்டு. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்களில் பலர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். தொடர்ச்சியாக வளைவு இறங்கி ஒரு அரை மணி நேரத்தில் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வரும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் நிறுத்தம் இருந்தால் ‘பிரேக் ஆற 15 நிமிடம் நில்லுங்கள்’ என்ற ஒரே பலகை போதும், அதைப் படித்து நிற்கிறவர்களுக்கு நன்மையும் செய்கிறோம். எங்கள் இடத்தில் வேறு எந்த விளம்பரமும் இந்தப் பலகை அளவுக்கு வேலை செய்யவில்லை.

யானைத் தடத்தை மறக்காதீர்கள். எங்கள் சாலையில் இருக்கும் குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் மாதங்களில் யானைகள் சாலைக்கே வரும். பலாச்சுளை விற்கும் கடைக்குப் பக்கத்தில் தோலையும் சக்கையையும் குவித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், ராத்திரி அந்த வாசனைக்கு வந்துவிடும். எங்கள் கடை தினமும் மாலை 5 மணிக்கு மூடப்படும், சக்கை முழுவதும் சாக்கில் கட்டி நாங்கள் வீடு திரும்பும் ஜீப்பிலேயே ஊருக்குள் ஏறிவிடும். இருட்டும் வரை வியாபாரம் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் எந்த மாதம், எந்த இடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

5. முதல் முதலீடு கழிப்பறை

இந்தப் படியைத் தாண்டி ஆறாவதற்குப் போகாதீர்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கடை வேண்டாம், கழிப்பறை கட்டுங்கள், டீயை வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு வந்து விற்கலாம்.

வண்டியில் ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்பது என்று முடிவு செய்வது பெண்களும் வயதானவர்களும்தான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வண்டி நிற்கும். அது இல்லாத இடத்தில் டீ எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆண்கள் மட்டும் இறங்கிக் குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் இறங்காத வண்டியில் வியாபாரம் கிடையாது.

எங்கள் கழிப்பறையில் நாங்கள் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டவை: பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, தலைகீழாக இல்லை. ஒன்றாவது வெஸ்டர்ன், முட்டி வலிக்காரர்களுக்கு. உள்ளே கைப்பை மாட்ட ஒரு கொக்கி, நெஞ்சு உயரத்தில். இந்தக் கொக்கி இல்லாத கழிப்பறையில் பெண்கள் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எங்கள் குழுவின் மூத்த அக்கா சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூடியோடு ஒரு குப்பைத் தொட்டி. தாழ்ப்பாள் உள்பக்கம் சரியாக விழ வேண்டும், மலை ஈரத்தில் மரக்கதவு உப்பிவிடும், அதனால் தகரமோ பைபர் கதவோ போடுங்கள்.

செப்டிக் டேங்க் எங்கே வருகிறது என்பதைக் கட்டுவதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். மலையில் நமக்குக் கீழே எப்போதும் இன்னொரு ஊர் இருக்கும், அவர்கள் குடிப்பது நமக்குக் கீழே கசியும் ஊற்றுத் தண்ணீர். ஊற்று, ஓடை இருக்கும் பக்கத்தில் உறிஞ்சுகுழி தோண்டக்கூடாது. கழிவை எடுத்துப் போகும் லாரி வந்து நிற்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், மறந்துவிட்டு அப்புறம் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுவதைவிடக் கஷ்டம் பராமரிப்பு. மணிக்கொரு முறை கழுவ ஒருவர் வேண்டும், அவருக்கு நாள் சம்பளம் நிச்சயமாக வேண்டும், கடையில் நிற்பவருக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள். ஆளுக்கு 10 ரூபாய் வாங்கலாம், சுத்தமாக இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தக் காசை அந்த வேலைக்கே வையுங்கள், பொதுக்கணக்கில் கலக்காதீர்கள். ஒரு சீசனில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் உடனே மூடிப் பூட்டுங்கள், அழுக்கோடு திறந்து வைப்பது மூடி வைப்பதைவிட மோசம். ஒரு முறை முகம் சுளித்துப் போனவர் திரும்ப நிற்கமாட்டார், கூகுள் மேப்பில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிடுவார்.

6. கடையில் எதை, எந்த வரிசையில்

வளைவுகள் இறங்கி வந்தவரின் வயிறு கலங்கியிருக்கும். இறங்கிய உடனே பஜ்ஜி எண்ணெய் வாசனை அடித்தால் வாந்தி வராதவருக்கும் வந்துவிடும். அதனால் வாசலில் முதலில் தண்ணீர், அப்புறம் எலுமிச்சை, இஞ்சி. பத்து நிமிடம் காற்று வாங்கின பிறகுதான் டீ கேட்பார்கள், டீ குடிக்கும்போதுதான் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். விற்கும் சாமான் டீ குடிக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். சாலையைப் பார்த்து அடுக்கி வைப்பது வீண், ஓடும் வண்டியிலிருந்து யாரும் மிளகை அடையாளம் காண்பதில்லை.

நீலகிரியில் தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். பாட்டிலை நிரப்பிக்கொள்ள நல்ல தண்ணீர் வைத்தால் வண்டி நிற்க அதுவே காரணம். காய்ச்சிய தண்ணீர் ஒரு டிரம், சில்வர் டம்ளர், அவ்வளவுதான் செலவு. சாமான் கட்ட காகிதப் பை, துணிப் பை. குழுவில் தையல் தெரிந்தவர்கள் இருந்தால் மஞ்சப்பை அவர்களே தைக்கட்டும்.

என்ன விற்பது என்ற கேள்விக்கு ஒரே விதி: ஊட்டியிலும் கிடைப்பதை விற்காதீர்கள். உங்கள் ஊரின் உயரத்தில் விளைவது வேறு. குஞ்சப்பனை உயரத்தில் பலா, மிளகு, காபி. மேலே போகப் போகத் தேயிலை, பேரிக்காய், பிளம்ஸ், மரத்தக்காளி. தவிட்டுப்பழம் பழுக்கும் மாதத்தில் அதை ஒரு சின்ன இலைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால், சின்ன வயதில் மலையில் இருந்த யாராவது ஒருவர் அந்த வண்டியில் இருந்தால் போதும், அங்கேயே நின்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். காட்டுப் பொருளாக இருந்தால் சேகரிக்கும் உரிமை யாருக்கு என்று பாருங்கள், இருளர், குறும்பர் குடும்பங்கள் எடுத்து வருவதை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

சென்னைக்காரர் வாங்குவது எடை குறைந்த, கெடாத, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூடிய பொருள். 100 கிராம் மிளகு பாக்கெட் நன்றாகப் போகும், அரைக் கிலோ போகாது. தேயிலைத் தூள் விற்றால் எந்தத் தோட்டத்து இலை, எப்போது அரைத்தது என்று கையால் எழுதி ஒட்டுங்கள். பசுந்தேயிலைக்கு விலை கிடைக்காமல் அல்லாடும் சிறு விவசாயிகள்தான் நம் ஊரில் பாதிப் பேர், இந்தப் பாக்கெட் அவர்களுக்கு நேரடியாகப் போகும் காசு.

சமைத்து விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து வாசலில் மாட்டுங்கள். விலையைப் பலகையில் எழுதுங்கள், வண்டியைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் இருந்தால் இந்த வழிகாட்டியே தேவையில்லை, ஒரே வருஷத்தில் கடை படுத்துவிடும். ஜிபே அட்டை வைத்தாலும் வளைவுக்குள் சிக்னல் வராது, 10, 20 ரூபாய்ச் சில்லறை ஒரு டப்பா நிறைய தயாராக இருக்கட்டும்.

7. பழைய சாலையின் கதையைச் சொல்வது

இப்போதுதான் பலகைக்கு வருகிறோம். சாலை பழையது என்பது வருகிறவருக்குத் தானாகத் தெரியாது, தார் போட்ட எல்லாச் சாலையும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் ஆண்டுகளாக அடுக்கி எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஒரு பலகைக்கு நாற்பது சொல், தமிழ் மேலே, ஒரே விஷயம், அதுவும் நின்ற இடத்திலிருந்து கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக எங்களுடையது: ‘1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறிவந்தது இந்த மலைப்பக்கம்தான். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு முதல் பாதை 1823-க்குள் போடப்பட்டது. அவர் கட்டிய பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் நிற்கிறது.’ இதைப் படித்தவர்கள் ‘கன்னேரிமுக்கு எங்கே?’ என்று கேட்கிறார்கள். அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுகிறது, அதுதான் பலகையின் வேலை. பாதையை வெட்டியவர்கள் யார் என்பதையும் சேருங்கள். பெயர் தெரியாத கைகள்தான் அந்தக் கல்லை உடைத்தன, கலெக்டர் பெயர் மட்டும் நிற்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

பழைய மைல்கல், கருங்கல் கைப்பிடிச் சுவர், வளைவான கல்பாலம் இவையெல்லாம் இருந்தால் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்காதீர்கள். எழுத்து அழிந்துவிடும், பெயின்ட் அடித்த கல் ஈரத்தை வெளியே விட முடியாமல் பொரியும். சுற்றிலும் புதரை மட்டும் வெட்டுங்கள். பெரியவர்கள் சொல்லும் கதையை எழுதும்போது ‘ஊரார் சொல்வது’ என்றே எழுதுங்கள், வரலாறு என்று போடாதீர்கள்.

வளைவுகளுக்குப் பெயர் வைப்பது நல்ல யோசனை. ஏலகிரியில் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயர், மேகமலையில் பூக்களின் பெயர், குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். ஆனால் சாலையில் நடும் எந்தப் பலகையும் நெடுஞ்சாலைத் துறை வழியாகத்தான் வர வேண்டும்.

8. பழைய நடைபாதையில் கூட்டிப்போகலாமா?

அவசரப்படாதீர்கள். தார்ச்சாலை வருவதற்கு முந்தைய குதிரைப் பாதைகள் பல இடங்களில் காட்டுக்குள் போகின்றன. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதையும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அனுமதி இல்லாமல் ஒருவரைக்கூடக் காட்டுக்குள் அழைத்துப் போகாதீர்கள், ‘எங்க ஊர்தானே’ என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை மலையேற்றத்துக்குத் திறந்தது, வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பழங்குடியினரைப் பழக்கினார்கள். உங்கள் பாதை அதில் சேர வேண்டுமென்றால் வனத்துறையிடம் மனுக் கொடுங்கள்.

அதுவரை, பட்டாத் தேயிலைத் தோட்டத்துக்குள் முக்கால் மணி நேர நடை போதும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கற்றுக்கொடுத்து, முடிவில் படுகர் வீட்டு அவரைக் குழம்போடு சாப்பாடு. பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம்.

9. சென்னையிலிருந்து வருகிறவரை அழைப்பது

கடைசிப் படிகளில் ஒன்றாக இதை வைத்ததற்குக் காரணம், தயாராகும் முன் விளம்பரம் செய்தவர்கள் எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

மே மாதத்தை விட்டுவிடுங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வேலை நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள்தான் என்று உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. கூட்டம் ஏற்கெனவே நிரம்பி வழியும் மாதத்தில் நமக்கு விளம்பரம் எதற்கு? சென்னையில் அக்கினி நட்சத்திரம் மே 28-இல் முடிந்தாலும் வெயில் முடியாது, ஜூனும் ஜூலையும் கொதிக்கும். அதே நேரத்தில் மேற்கே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு அது அவ்வளவாக எட்டாது. பலாவும் பேரிக்காயும் வருவதும் இந்த மாதங்களில்தான். ஆக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரக் கடைசிகள் உங்களுடையவை. உங்கள் மலை எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் நனையும் என்று பார்த்து இதே மாதிரி ஒரு காலத்தைப் பிடியுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி எழுதி வையுங்கள். சென்னை சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரிக்கு அரசுப் பேருந்து, சொல்லி வைத்தால் உங்கள் நிறுத்தத்திலேயே இறக்கிவிடுவார்கள். இப்படி வருகிறவர் காரில் வருகிறவரைவிட அதிக நேரம் இருப்பார், சாலையும் நெரிசல் ஆகாது.

டிரைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை வண்டி எங்கே நிற்கும் என்று முடிவு செய்வது டிரைவர். பல இடங்களில் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறார்கள், அந்தக் கமிஷனைக் கடையில் சாமான் வாங்குகிறவர் தலையில்தான் கட்டுவார்கள். நாங்கள் கமிஷன் கொடுப்பதில்லை. ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவருக்குக் கால் நீட்டிப் படுக்க இரண்டு கட்டில், கம்பளி, இலவச டீ, முகம் கழுவ வெந்நீர். ஒரு முறை படுத்து எழுந்தவர் அடுத்த சவாரியையும் இங்கேதான் கொண்டு வருகிறார், வண்டியும் பத்திரமாக இறங்குகிறது.

10. முதல் ஒரு மாதம்

நான்கு வாரக் கடைசி சோதனையாக மட்டும் நடத்துங்கள். நோட்டை மறுபடி எடுங்கள்: எத்தனை வண்டி நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, பெண்கள் இறங்கினார்களா, எது விற்கவில்லை, தண்ணீர் எத்தனை மணிக்குத் தீர்ந்தது. மொத்த வசூலை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். நிற்கும் நேரம் கூடுகிறதா என்று பாருங்கள், அது கூடினால் வசூல் பின்னாலேயே வரும். திங்கட்கிழமை காலையில் ஐந்து பேரும் உட்கார்ந்து கணக்கை உரக்கப் படியுங்கள், காசைப் பிரிப்பது அதற்கு அப்புறம்.

வண்டி நிறுத்த இடம் நிரம்பிவிட்டால் சாலையோரத்தில் நிறுத்த விடாதீர்கள். ‘இடமில்லை, அடுத்த முறை வாருங்கள்’ என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்ப ஒருவர் வாசலில் இருக்க வேண்டும். விற்பனை போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், பரவாயில்லை.

மழைக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குச் சரிவுக்கு ஆபத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். வானிலை மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் அன்றைக்குக் கடை கிடையாது, தோட்ட நடைக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு முந்தின நாள் மாலையே போன் செய்து பணத்தைத் திருப்பிவிடுங்கள். முதல் வளைவுக்குக் கீழே, அடிவாரத்து டீக்கடையில் ‘இன்று மூடியிருக்கிறோம்’ என்று ஒரு சிலேட்டு மாட்டச் சொல்லுங்கள். மலை ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்க்க விடக்கூடாது. மழை விட்டதும் முதலில் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவையும் வடிகாலையும் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் அடுப்பைப் பற்ற வையுங்கள்.